இரும்புப் பெட்டியில் நான்கு கார்டுகள்

காற்றாடிமேடு ஆய்வுக்கூடம்,
போடிமெட்டு வழி, இடுக்கி.
2 பிப்ரவரி 2025

அன்புள்ள பரீது அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, சௌதா அண்ணி மாத்திரையை விழுங்குகிறார்களா இல்லை எண்ணி மட்டும் வைக்கிறார்களா, ஹஸீபா காலேஜில் படிக்கிறாளா இல்லை போய்விட்டு மட்டும் வருகிறாளா, எல்லாம் எழுதுங்கள்.

கவருக்குள் சின்னப் பொட்டலமாக ஒரு மெமரி கார்டு இருக்கும். விஷயத்தைச் சொல்கிறேன். இந்தச் சரிவில் புதைத்திருக்கும் கருவிகள், மண் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்கின்றன. அந்த எண்கள் இங்கே கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, அலமாரியில் உள்ள டிஸ்கில் ஒரு பிரதி. மூன்றாவது பிரதி வேறு மாவட்டத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இங்கே இன்டர்நெட் கிடையாது. போன் பேசவே எங்கள் டிரைவர் ஜினோவின் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வளைவு வரை போக வேண்டும். செருப்பில்கூடப் பூஞ்சை பிடிக்கிற ஊர் இது. எலப்புள்ளியில் உங்கள் அரிசிக் கடையோ அப்பளம்போலக் காய்ந்து கிடக்கிறது. திருவனந்தபுரத்தில் இருக்கும் எங்கள் தலைவி பின்சி மேடத்திடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார்கள். இனி மாதம் ஒரு கார்டு வரும்.

உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். கார்டை ஹஸீபாவின் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து, கடைசி வரியில் என்ன எண் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். நான் இங்கே ஒத்துப் பார்ப்பேன். திறந்து பார்க்காத பிரதி பிரதியே இல்லை என்று எங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

சரிவுக்குக் கீழே எஸ்டேட் கம்பெனி தொழிலாளர்களுக்குக் கொடுத்த லயன் இருக்கிறது, வரிசையாகப் பதினோரு வீடு. அதில் கத்தரீனாள் அக்கா எனக்கு வாரம் ஒரு நாள் மீன்குழம்பு கொண்டுவருகிறார். மலை நகர்வதை நாங்கள் காட்டினால் இவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுக்கச் சொல்லி உத்தரவு போடுவதாகக் கலெக்டர் ஆபீஸ் சொல்லியிருக்கிறது. விசாரணை மே மாதம், மழைக்கு முன்னால். அதுவரைக்கும் ஒரு எண்கூடத் தொலையக் கூடாது.

எல்லோருக்கும் ஸலாம் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
நஸ்ரின்


எலப்புள்ளி
12 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை நஸ்ரினுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் அனைவரும் சுகம். முட்டி என்னோடுதான் இருக்கிறது, எங்கும் போகவில்லை. அண்ணிக்குப் பிரஷர் கொஞ்சம் கூடுதல். ஹஸீபாவைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு அவளே கோபமாகப் பதில் எழுதுவாள்.

நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. மஞ்சள் துணியில் முடிந்து, மேலே உன் பேரும் மாதமும் எழுதி, இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டேன். அந்தப் பெட்டியில் துபாய்க்குப் போன மூன்று பேருடைய பத்திரங்கள் இருக்கின்றன, பக்கத்து வீட்டு விதவையின் நகை இருக்கிறது. அத்தா காலத்திலிருந்து அமானிதமாக வந்த எந்தப் பொருளின் முடிச்சும் நம் வீட்டில் அவிழ்க்கப்பட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். கொடுத்தவர் வந்து கேட்கும்போது கொடுத்தபடியே கொடுக்க வேண்டும். உன்னுடையதும் அப்படியே பத்திரமாக இருக்கும், நீ நிம்மதியாக வேலையைப் பார்.

ஸ்வெட்டர் போட்டுக்கொள். மீன்குழம்பு அக்காவுக்கு என் ஸலாம்.

பரீது


காற்றாடிமேடு
3 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு தொடங்கிவிட்டது. இங்கே பள்ளிவாசல் பாங்கு கேட்காது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் நோன்பு திறக்கிறேன். அங்கே கஞ்சி மணக்கும். அண்ணியின் பிரஷரை நினைத்தால் கவலையாக இருக்கிறது, நோன்பு விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரி கார்டு இதனுடன் வருகிறது. அண்ணா, நீங்கள் எல்லாம் எழுதினீர்கள், நான் கேட்ட எண்ணை மட்டும் எழுதவில்லை. பத்திரங்களையும் நகையையும் போல இதைப் பூட்டி வைத்தால் போதாது. எங்கள் ரிஜிஸ்டரில் "மூன்றாவது பிரதி சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஜனவரிக்கு உங்களை நம்பிப் போட்டுவிட்டேன். இந்த முறை சும்மா விடமாட்டேன், இரண்டு கார்டையும் பார்த்து எழுதுங்கள்.

புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. பழையது ஈரத்தில் இருமிக்கொண்டிருந்தது. பிப்ரவரி கார்டை அதிலேயே ஏற்றி முடித்துவிட்டு, நேற்று முழுக்க எல்லாவற்றையும் இதற்கு மாற்றினேன்.

நஸ்ரின்


எலப்புள்ளி
15 மார்ச் 2025

நஸ்ரினுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நோன்புக் காலத்தில் கடையில் மூச்சு விட நேரமில்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

பிப்ரவரி கார்டும் கிடைத்தது. எல்லாம் சரியாக இருக்கிறது.

பரீது


காற்றாடிமேடு
4 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு வர முடியாததற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும். ஜினோ எங்கிருந்தோ ஒரு பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தான். "சேச்சி, பெருநாளல்லே, கழிச்சோளு" என்று சாப்பிடச் சொல்லி நீட்டினான். கோழி இருந்தது, பிரியாணி என்று சொல்ல முடியாது. ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

"எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற உங்கள் ஒரு வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ரிஜிஸ்டரில் பிப்ரவரிக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எண்ணை எழுத ஏன் இத்தனை கஞ்சத்தனம் என்று தெரியவில்லை, போகட்டும்.

இந்தக் கவரில் இருப்பது மார்ச் கார்டு. இதைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மலை தூங்கியது. மார்ச் மாதம் இரண்டு நாள் கோடைமழை பெய்தது, மேல்பக்கக் கருவி நாலு மில்லியிலிருந்து பதினொன்றுக்கு வந்துவிட்டது. கத்தரீனாள் அக்காவின் வீட்டுக் கதவு இப்போது முழுதாகச் சாத்துவதில்லை. போன வருஷம் வயநாட்டில் மண்சரிவு நடந்ததற்குப் பிறகு இங்கே யாரும் மழையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில்லை. விசாரணை மே 22 என்று முடிவாகிவிட்டது. மார்ச், ஏப்ரல் எண்கள்தான் இவர்களை அங்கிருந்து வெளியே கொண்டுவரப் போகின்றன.

கார்டில் ஏற்றியதும் இங்கேயே ஒரு முறை போட்டுப் பார்த்தேன், திறக்கிறது. அங்கேயும் திறந்து பார்த்து எழுதிவிடுங்கள்.

நஸ்ரின்


எலப்புள்ளி
26 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அண்ணியை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அழைத்துவந்தோம், பயப்படாதே, இப்போது தெம்பாக என்னைத் திட்டுகிறாள். ஹஸீபாவுக்குப் பரீட்சை.

மார்ச் கார்டு பெட்டியில் இருக்கிறது. ஒரு சந்தேகம் கேட்கிறேன். பழக்கமில்லாத ஆள் கை வைத்தால் உள்ளே இருப்பது அழிந்துபோகும் என்று போன் ரிப்பேர் செய்கிற பையன் சொன்னான். அது நிஜமா? திறக்காமல் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாதுதானே?

அந்த மலையில் நீ எந்தப் பக்கம் படுக்கிறாய் என்று அண்ணி கேட்கச் சொன்னாள். சரிவுக்கு மேலேயா கீழேயா?

பரீது


காற்றாடிமேடு
7 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். உடனே அவர்கள் கையால் இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நான் சரிவுக்கு மேலே, பாறை மேல் கட்டிய அறையில் படுக்கிறேன். கவலை வேண்டாம்.

நேற்று மாலை இடி விழுந்தது. கொடிக்கம்பம் இரண்டாகப் பிளந்தது. எனக்கு ஒன்றும் இல்லை, காது மட்டும் இரண்டு மணி நேரம் அடைத்திருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் போய்விட்டது. அதோடு இணைத்து வைத்திருந்த டிஸ்கும் போய்விட்டது. கழற்றி அலமாரியில் வைத்திருக்க வேண்டும், மே மாத எண்களை ஏற்றிக்கொண்டிருந்ததால் மாட்டியபடியே விட்டிருந்தேன். கருவிகளின் பெட்டியும் கருகிவிட்டது. ஜினோ திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது போயி சேச்சி" என்றான்.

ஆக, நான்கு மாத எண்கள் இப்போது உலகத்திலேயே உங்கள் இரும்புப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கின்றன. போன வாரம் அனுப்பிய ஏப்ரல் கார்டும் வந்திருக்கும். நீங்கள் மார்ச்சில் "சரியாக இருக்கிறது" என்று எழுதியதை நேற்றிலிருந்து எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

சனிக்கிழமை ஜினோவே எலப்புள்ளிக்கு வருகிறான். நான்கையும் அவன் கையில் கொடுத்தனுப்புங்கள். உங்கள் சந்தேகத்துக்குப் பதில்: திறந்து பார்த்தால் ஒன்றும் அழியாது. ஏன் இதை ஏப்ரல் கடைசியில் கேட்டீர்கள் அண்ணா? அதற்கு முன்னால் திறந்து பார்த்தீர்கள்தானே?

நஸ்ரின்


எலப்புள்ளி
10 மே 2025

நஸ்ரினுக்கு,

ஸலாம். போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எண்ணை அழுத்தினேன், வாய் வரவில்லை. அங்கே சிக்னல் இல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஜினோ கடையில் சாயா குடித்துக்கொண்டிருக்கிறான், அவனை உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்குப் பிறகுதான் முடிச்சுகளை அவிழ்த்தேன். முதன்முதலாக நேற்றுதான். ஹஸீபா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஜனவரி திறந்தது. பிப்ரவரி திறந்தது. மார்ச்சில் பேர் மட்டும் தெரிகிறது, அழுத்தினால் அப்படி ஒன்று இல்லை என்று வருகிறது. ஏப்ரலும் அப்படியே. அவளுடைய சிநேகிதியின் வீட்டுக் கம்ப்யூட்டரிலும், பாலக்காட்டில் ஒரு கடையிலும் காட்டினோம். அந்தக் கடைக்காரர், "இதில் வழி மட்டும் இருக்கிறது, சாமான் இல்லை" என்றார். நாங்கள் கை வைத்ததால் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம், வரும்போதே அப்படித்தானாம்.

பிப்ரவரி கார்டு கிடைத்ததும் நான் எழுதியது பொய். அமானிதத்தை அவிழ்க்கக் கூடாது என்று உனக்கு எழுதினேனே, அதில் பாதி உண்மை. மீதி, எனக்குக் கம்ப்யூட்டரைக் கண்டாலே பயம். ஹஸீபாவிடம் கேட்டால், "இதுகூடத் தெரியாதா அத்தா" என்பாள். நாற்பது வருஷம் ஊரார் பொருளைக் காத்தவன் மகளிடம் போய் நிற்பதா என்று இருந்துவிட்டேன். நீ மூன்று முறை கேட்டாய். மார்ச் கார்டு வந்த அன்றே பார்த்திருந்தால் உன்னிடம் அப்போது கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது.

நாலையும் கொடுத்துவிட்டேன். அண்ணி அழுதுகொண்டிருக்கிறாள்.

பரீது


காற்றாடிமேடு
13 மே 2025

அண்ணனுக்கு,

முதல் இரண்டு தாளில் உங்களைத் திட்டி எழுதிக் கிழித்துவிட்டேன், அதைப் படித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பு என்னுடையது. புதுக் கம்ப்யூட்டரில் முகப்பில் தெரிந்தது கோப்பு இல்லை, கோப்புக்குப் போகிற வழி, ஷார்ட்கட் என்பார்கள். வீட்டை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், இரண்டு மாதம். இங்கே போட்டுப் பார்த்தபோது திறந்தது, ஏனென்றால் வீடு இங்கேயே இருந்தது. வேறு இடத்தில் திறந்தால் மட்டுமே தெரிகிற தப்பு அது. அதற்காகத்தான் அந்த விதியே இருக்கிறது. ரிஜிஸ்டரில் நான்கு மாதத்துக்கும் சரிபார்த்ததாக என் கையெழுத்து இருக்கிறது. நீங்கள் ஒரு முறை பொய் எழுதினீர்கள், நான் நான்கு முறை.

போடிமெட்டு வளைவுக்குப் போய்ப் பின்சி மேடத்திடம் பேசினேன். பக்கத்து மலையின் மழை அளவை வைத்து மார்ச், ஏப்ரல் எண்களைக் கணக்குப் போட்டு நிரப்பிவிடலாம் என்றார்கள். "நீதான் திரையில் பார்த்தாயே, நாலிலிருந்து பதினொன்று, அதை ஒட்டிப் போடு. நிரப்பியது என்று எங்கேயும் எழுத வேண்டாம்." விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள்.

நான் பார்த்தது உண்மை. நிரப்பப் போவது பொய். அந்தப் பொய்யை எழுதினால் பதினோரு குடும்பம் மழைக்கு முன்னால் வெளியே வந்துவிடும். நீங்கள் சொல்லுங்கள், எழுதட்டுமா?

அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது?

நஸ்ரின்


எலப்புள்ளி
17 மே 2025

அன்புத் தங்கை நஸ்ரினுக்கு,

ஸலாம். அண்ணி தேவலை. உன்னை வந்து போகச் சொல்கிறாள்.

இரண்டு நாள் யோசித்தேன். பள்ளிவாசலில் யாரிடமும் கேட்கவில்லை, அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நீ எழுதிவிடு. மலை நகர்ந்ததை உன் கண் பார்த்திருக்கிறது. ஆட்கள் உயிரோடு இருந்தால்தான் அப்புறம் நியாயம் பேச முடியும். அதில் வரும் பாவம் என் தலையில் இருக்கட்டும், நான்தான் அதற்குக் காரணம். இப்படி ஒரு புத்திமதியை உனக்கு என் கையால் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

மீன்குழம்பு அக்காவின் வீட்டில் எத்தனை பிள்ளைகள்? நீ எழுதவே இல்லையே.

பரீது


காற்றாடிமேடு
12 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு மாதமாக எழுதாததற்கு மழை ஒரு காரணம், வெட்கம் ஒரு காரணம். உடம்பு நன்றாக இருக்கிறது. அண்ணியின் இரண்டு வரி கிடைத்தது, தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கத்தரீனாள் அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சின்னது ஒன்றாம் வகுப்பு.

நீங்கள் சொன்னபடி எழுத உட்கார்ந்தேன். மார்ச் முழுவதும் நிரப்பியும்விட்டேன். பார்க்க அச்சு அசலாக இருந்தது. கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தேன், கை நகரவில்லை. பார்க்காமலே நான்கு முறை போட்ட கை, பார்த்துக்கொண்டே ஐந்தாவது முறை போட மாட்டேன் என்றது. அவ்வளவுதான் அண்ணா, இதில் பெரிய நேர்மை ஒன்றும் இல்லை.

விசாரணையில் எழுந்து நின்று சொன்னேன். ஜனவரியும் பிப்ரவரியும் இருக்கின்றன, அவற்றில் நகர்வு இல்லை. மார்ச்சிலும் ஏப்ரலிலும் நகர்ந்ததைப் பார்த்தேன், பதிவு என்னால் தொலைந்துவிட்டது என்றேன். கம்பெனி வக்கீல் ரிஜிஸ்டரைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துத்தானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதிகாரி நல்ல மனிதர். "பார்த்தது போதாது, ரெக்கார்டு வேண்டும்" என்றார். புதுக் கருவி வைத்து மூன்று மாதப் பதிவோடு வரச் சொல்லித் தள்ளி வைத்துவிட்டார். அந்த மூன்று மாதம்தான் மழைக்காலம். பின்சி மேடம் இப்போது என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை.

திரும்பி வந்தபோது லயன் வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். கத்தரீனாள் அக்காதான் கேட்டார்.

"ஏம் புள்ள, மெசினு என்ன சொல்லுச்சு?"

"மெசின்ல ஒண்ணும் இல்லக்கா. நான் தொலைச்சுட்டேன்."

"மெசினு கெடக்கட்டும். நீ எங்க ஊட்ல ஒரு ராத்திரி படுப்பியா?"

"மாட்டேன்க்கா."

அக்கா உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினார். பொழுது சாய்வதற்குள் எட்டுக் குடும்பங்கள் சர்ச் ஹாலுக்குப் போய்விட்டன. ஜினோ பதினேழு நடை ஜீப் ஓட்டினான்.

மூன்று குடும்பங்கள் போகவில்லை. அதில் ஆறுச்சாமி அண்ணாச்சி ரிட்டயர் ஆனவர். வீட்டைக் காலி செய்தால் கம்பெனி பூட்டிவிடும், திரும்பக் கொடுக்க மாட்டார்கள் என்கிறார். "அந்தம்மா படுக்க மாட்டேன்னு சொல்லுச்சுன்னு ஆபீசுல போய்ச் சொல்ல முடியுமா? ஒரு பேப்பர் குடு தாயி, இப்பமே எறங்குதேன்" என்றார். இருபது நாளாகப் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் கேட்கிறார். அவர் கேட்பது நியாயம். அந்தப் பேப்பர் இருந்தது, மார்ச் மாதம் அது என் மேசை மேல் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. நீங்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்று அந்த மூன்று வீட்டிலும் ஆள் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். நான் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள்.

புதுக் கருவி இன்னும் வரவில்லை. மழை ஆறு நாளாக நிற்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகப் பாறை விளிம்புக்குப் போய்க் கீழே பார்க்கிறேன். மூன்று கூரையிலும் அடுப்புப் புகை வருகிறதா என்று எண்ணிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். இன்று மூன்று இருந்தது.

துஆ செய்யுங்கள்.

நஸ்ரின்